சுடலைவடிவு சொல்லாதது

ஜூன் 5, திங்கள்

இந்த நோட்டு சிஸ்டர் ஜெபக்கனி கொடுத்தது. அட்டையில் வாய்ப்பாடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பேனாவைக் காலை பத்து மணிக்குத் தருவார், பதினொன்றரைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒரு பேனாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்று கேட்டேன். "ரூல்ஸ்மா" என்றார். முப்பத்தாறு வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டியவளுக்கு ரூல்ஸ் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன். சிரித்தார். சிரிக்கிறவர்களிடம் கோபத்தைக் காட்டுவது கஷ்டம். வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் செண்பகவல்லி. வயது அறுபத்தொன்று. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். எந்த ஊர் கோர்ட் என்பது வேண்டாம். தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டார்கள், அதனால் இப்போது நிம்மதி. தம்பி சங்கரபாண்டி வீட்டு மாடியில் குடியிருந்தேன். கண் டாக்டரிடம் போகலாம் என்று காரில் ஏற்றிச் சனிக்கிழமை என்னை இங்கே கொண்டுவந்து விட்டவனும் அவன்தான். எனக்குக் கண்ணில் புரை இருப்பது உண்மை. அதனால்தான் நம்பித் தொலைத்தேன்.

இது மனநல ஆஸ்பத்திரி. பெண்கள் பிரிவில் பதினெட்டுக் கட்டில்.

காதில் பேசுகிறவளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அவள் பெயர் சுடலைவடிவு. போன மார்கழியில் வந்தாள். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வலது காதுக்குப் பின்னாலிருந்து "டைப்பம்மா" என்றாள். கோர்ட்டுக்கு வருகிற சனம் என்னை அப்படித்தான் கூப்பிடும். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவள். அவள் உயிரோடு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசிக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்குப் புரியாத இடம் இதுதான்.

மே மாதக் கடைசியில் என் சொந்த டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல இரண்டு நாள் அடித்தேன். சாப்பிடவில்லை என்கிறார்கள். டீ குடித்தேன். யாரையும் திட்டவில்லை, கல்லெடுத்து எறியவில்லை. அதற்குத்தான் இந்தக் கட்டில்.

ஜூன் 6, செவ்வாய்

காலையில் வெள்ளை மாத்திரை, இரவில் ஆரஞ்சு. நாக்கு தடித்துவிட்டது. வலது பெருவிரலில் கட்டு மாற்றினார்கள். தோசைக்கல் பட்டது. சமைக்கிற எவளுக்கும் படும்.

ஜூன் 8, வியாழன்

டாக்டர் நம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளை. நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். அதற்காக அவரை விட்டுவிட முடியாது.

எதிரில் உட்கார்ந்து, அவர் எழுதுவதைத் தலைகீழாகவே படித்தேன். தட்டச்சர்களுக்கு அது பெரிய வித்தையில்லை. "இன்னும் கோர்ட்டு வேலை ஞாபகம் வருதாம்மா?" என்று கேட்டார். "வராம இருக்குமா, பத்தரை ஆச்சுன்னா கை பரபரங்கும்" என்றேன். அவர் இங்கிலீஷில் எழுதியது, இன்னும் நீதிமன்றத்தில் வேலை பார்ப்பதாக எண்ணுகிறார் என்று.

எங்கள் கோர்ட்டிலும் இதே கதைதான். வக்கீல் கேட்பார், சாட்சி சொல்வார், மாஜிஸ்திரேட் ஐயா இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்கி எனக்குச் சொல்வார். கேள்வி காணாமல் போய்விடும். "அன்னைக்கு நீ குடிச்சிருந்தே" என்று வக்கீல் சொல்ல, "யாரு, நானா? பெத்த தாய் மேல சத்தியமா இல்ல சாமி" என்று சாட்சி தலையில் அடித்துக்கொள்வான். தாளில் 'நான் குடித்திருந்தேன் என்றால் சரியல்ல' என்று வரும். தலையில் அடித்துக்கொண்டது எங்கும் வராது. முப்பத்தாறு வருடம் இதைத்தான் அடித்தேன். அதனால் என் நோட்டில் கேள்வியும் இருக்கும், பதிலும் இருக்கும்.

"அந்தக் குரல் எப்பம்மா வரும்?"

"வேலையில்லாத நேரம் வரும். வேலையா இருந்தா பேச மாட்டா. மரியாத தெரிஞ்சவ."

"பயமா இருக்கா?"

"உங்களப் பாத்தாத்தான் கொஞ்சம் பயமா இருக்கு."

"ஏதாவது செய்யச் சொல்லுதா?"

"சொல்ல மாட்டா. அவ சொல்லி யாரு எதச் செஞ்சிருக்கா, இப்பச் சொல்லதுக்கு."

"அப்ப விரல் எப்படிம்மா சுட்டுச்சு?"

"தோசைக்கல்லு."

கடைசிப் பதிலுக்கு மட்டும் ஏழு வரி எழுதினார். கையால் மறைத்துக்கொண்டதால் படிக்க முடியவில்லை.

ஜூன் 10, சனி

அரைக்கீரை ஆய்ந்தோம். இங்கே கை நடுங்காதவர்கள் எல்லோருக்கும் ஏதாவது வேலை உண்டு. என் பக்கத்துக் கட்டில் ராபியா கடையநல்லூர்க்காரி, முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். ஆரஞ்சு மாத்திரையை முத்தமிடுவேன் என்கிறாள். மாத்திரையைத் திட்டக்கூடாது என்று எனக்கும் தெரிகிறது. எனக்கு வேண்டியது வேறு. அதைத்தான் சொல்ல விடமாட்டேன் என்கிறார்கள்.

"அக்கா, அவ இப்பவும் பேசுதாளா?" என்று ராபியா கேட்டாள்.

"கீரைய இப்பிடி ஆஞ்சா தண்டெல்லாம் சட்டிக்குள்ள போகும்னு சொல்லுதா."

ராபியா தன் கையிலிருந்த கீரையைப் பார்த்தாள். தண்டாகத்தான் இருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இங்கே சத்தமாகச் சிரித்தால் குறித்துக்கொள்வார்கள்.

ஜூன் 11, ஞாயிறு

சங்கரபாண்டி வந்தான். பெண்டாட்டி வேலம்மாள் கொடுத்துவிட்ட அதிரசமும் நான்கு சேலையும் கொண்டுவந்தான். கண் டாக்டரிடம் போய்வர இத்தனை நாளா ஆகும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. குனிந்தால் உச்சி வழுக்கை தெரிகிறது.

"நான் என்னக்கா செய்யட்டும்? கல்லுல வெரல வச்சுக்கிட்டு நிக்கே. எடுக்கவே இல்ல. நான் வந்து பிடிச்சு இழுத்தேன். சோறு பொங்குத வாசன இல்லக்கா அது."

அவன் எதைப் பார்த்தான் என்பது எனக்குத் தெரியாது. அடுப்படியில் வெளிச்சம் குறைவு.

அவன் கையெழுத்தின் பேரில் என்னை இங்கே முப்பது நாள்தான் வைத்திருக்க முடியுமாம். அதற்கு மேல் என்றால் மறுஆய்வு வாரியம் என்று ஒன்று வந்து விசாரிக்கும். தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். இருபத்தெட்டாம் தேதி. அன்றைக்கு அவர்கள் என்னிடமும் கேட்பார்கள்.

கேட்கட்டும். சாட்சிக் கூண்டுக்கு எதிரில்தான் என் ஆயுள் போயிற்று. ஏறி நின்றதில்லை, ஏறிப் பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

சுடலைவடிவின் வழக்கைப் பற்றி டாக்டர் கேட்டார். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

1990இல் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற அறையில் தீப்பிடித்தது. ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி சுடலைவடிவின் மகள் பேச்சி, வயது பதிமூன்று. அடுத்த வருடம் வழக்கு எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளை அந்த அறையில் வேலைக்கு வைத்தது முதலாளிக்குத் தெரியுமா, தெரியாதா என்பதில்தான் எல்லாமே இருந்தது. சுடலைவடிவு கூண்டில் ஏறினாள். கருப்பாக, ஒல்லியாக, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். கோர்ட்டுக்கு என்று ரவிக்கை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். தோளில் நிற்காமல் அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

முதலாளியின் வக்கீல் கேட்டார். "மகளுக்குப் பதினெட்டு வயசுன்னு சொல்லித்தானே வேலைக்குச் சேத்தே?"

அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல் மாறாமல் தெரியும். "கணக்கப்பிள்ளதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாவ. சொன்னாத்தான் சேப்பேன்னாவ. சொன்னேன்."

ஐயா என் பக்கம் திரும்பி, "என் மகளுக்குப் பதினெட்டு வயது என்று நான்தான் சொன்னேன்" என்றார். அடித்தேன்.

தாளில் கணக்கப்பிள்ளை காணாமல் போனார். அவரோடு முதலாளியும் வெளியே போய்விட்டார். எட்டு மாதம் கழித்து முதலாளிக்கு விடுதலை. பெற்ற தாயே வயதைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றினாள் என்று தீர்ப்பில் வந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நீங்க அடிக்க மட்டும்தானேம்மா செஞ்சீங்க, மாத்திச் சொன்னது மாஜிஸ்திரேட்தானே" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, புதன்

சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

ஜூன் 17, சனி

சுடலைவடிவு இன்று அதிகம் பேசவில்லை. வெயில் கொளுத்துகிறது. அவளுக்கும் அசதியாக இருக்கும்.

ஜூன் 19, திங்கள்

டாக்டர் நம்பி ஒரு தாளோடு வந்தார். வாரியத்துக்குக் கொடுக்க, நான் சொல்வதாக மூன்று வாக்கியம் தமிழில் அடித்து வைத்திருந்தார். குரல் சொன்னதால் என் பெருவிரலைச் சூடான கல்லில் வைத்தேன். இப்போது குரல் கேட்பதில்லை. மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"இதுதாம்மா நேர் வழி. குரல் சொல்லி ஒரு காரியம் நடந்திருக்கு. மருந்து குடுத்திருக்கோம், குரல் நின்னுட்டா ஆபத்தும் நின்னுச்சு. இப்படின்னா வாரியத்துல நானே வீட்டுக்கு அனுப்பலாம்னு எழுதிருவேன். பொய் சொல்லச் சொல்லலம்மா. எனக்கு நிஜமாவே இப்படித்தான் தோணுது."

அவர் ஏமாற்றவில்லை. அவருக்குத் தோன்றுவதைத்தான் எழுதியிருக்கிறார். ஐயாவுக்கும் அன்றைக்கு ஏதோ தோன்றித்தான் இருக்கும்.

"மொத வாக்கியம் சரியில்லன்னா?" என்று கேட்டேன்.

"சரியில்லன்னா நீங்களே உங்களுக்கு அதைச் செஞ்சுக்கிட்டீங்கன்னு ஆகும். அப்ப உங்கள அனுப்புறதுக்கு எனக்கே பயமா இருக்கும்."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"இப்பவும் பேசுறாங்களாம்மா?"

"அது எங்க ரெண்டு பேரு விஷயம்."

அவருக்கு முகம் வாடிவிட்டது. போகட்டும். தலைக்குள் இருக்கிறது ஒரே ஒரு அறை. அதற்கும் வந்து சாவி கேட்டால் எப்படி? கதவு, ஜன்னல், பேனா, மாத்திரை எல்லாம் அவர்கள் நேரப்படிதான் நடக்கிறது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து போனார்கள் என்பதை நான் சொன்னால்தான் உண்டு.

ஜூன் 21, புதன்

போர்வை துவைத்தேன். கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பெருவிரலில் ரேகை இல்லை, வழுவழுவென்று இருக்கிறது.

ஜூன் 24, சனி

ராபியாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்ரீதுக்குப் பிள்ளைகளோடு இருப்பாள். புருஷன் வந்திருந்தான். வாசலிலேயே நின்று, இவள் செருப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வந்து காலருகில் வைத்தான். இவள் அழுதாள்.

போவதற்கு முன்னால் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. அந்தத் தாள்ல கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்க. அவதான் செய்யச் சொன்னான்னு சொல்லிருங்க. அவ என்ன கேஸா போடப் போறா?"

"போட மாட்டா."

"பொறவென்ன? செத்துப்போனவங்களுக்கு என்னக்கா கெட்ட பேரு?"

அவள் பாசத்தில்தான் சொன்னாள். அவளிடம் சண்டை போட எனக்கு மனமில்லை. அவள் பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்திருந்த அதிரசத்தைக் கொடுத்தேன். அது எண்ணெய்ச் சிக்கு அடித்துப்போயிருந்தது என்பது அவள் போனபிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 25, ஞாயிறு

பதிமூன்றாம் தேதி எழுதியதில் பாதி விட்டுப்போய்விட்டது. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

சாட்சி சொல்லி முடித்ததும், அடித்த தாளைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அவர் சொல்லலாம், ஐயா திருத்துவார். சரி என்றால் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு. தாளின் அடியில் 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வரும். எங்கள் கோர்ட்டில் படித்துக் காட்டுவது தட்டச்சர் வேலையாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வரியை நான் எப்போதும் முன்கூட்டியே அடித்துவிடுவேன். நேரம் மிச்சம்.

அன்றைக்கு மணி ஒன்றேகால். ஐயா சாப்பிட எழுந்து போய்விட்டார். எனக்குப் பசி. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று கிடைக்குமா என்று முப்பத்திரண்டு வருடம் தேடிவிட்டேன். அன்றைக்கு எலுமிச்சம்பழச் சோறு கொண்டுபோயிருந்தேன்.

"என்ன எழுதிருக்கு டைப்பம்மா?" என்று கேட்டாள்.

"நீ சொன்னதுதான். நாட்டு வை."

படித்திருந்தால் அவள் கேட்டிருப்பாள், "கணக்கப்பிள்ளய எங்க?" என்று. ஐயாவின் அறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்திருக்கும். அவர் எரிந்து விழுந்திருப்பார். ஆனாலும் திருத்தியிருப்பார், அவர் மோசமான ஆள் கிடையாது. ஒரு தாள் படிக்க மூன்று நிமிடம் ஆகும். நான் அவள் கையைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் வைத்து, சரியாகப் பதியட்டும் என்று மேலே என் பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

விடுதலை ஆன அன்றைக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "நான் அப்பிடிச் சொல்லலியே டைப்பம்மா."

"சொன்னே. இந்தா ஒன் கைநாட்டு இருக்கு பாரு."

அவள் தன் விரலைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், நான் சொன்னதை நம்பினாள். தான்தான் சொல்லிவிட்டோம் என்று நம்பியே மிச்ச நாளை ஓட்டினாள். நாலு வருடத்தில் செத்துப்போனாள். காய்ச்சல் என்றார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுடலைவடிவும் மார்கழியிலிருந்து என்னிடம் ஆயிரம் பேசினாள், இதை மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை. மரியாத தெரிஞ்சவ என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 27, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு நேரில் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 28, புதன்

சாப்பாட்டு அறையில் மேசைகளை ஒட்டிப் போட்டு மேலே பச்சைத் துணி விரித்திருந்தார்கள். துணிக்கு அடியிலிருந்து ரச வாசனை வந்தது. நாலு பேர். நடுவில் ஓய்வுபெற்ற ஜட்ஜ். இரண்டு பக்கமும் வெளியூர் டாக்டர்கள் இரண்டு பேர். ஓரத்தில் ஒரு அம்மா, அவருடைய அண்ணனும் இப்படி ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தவராம். டாக்டர் நம்பியும் சங்கரபாண்டியும் சுவரோரமாக நாற்காலியில் இருந்தார்கள். மடிக்கணினியோடு ஒரு பெண் தட்டச்சு செய்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பத்து விரலும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று என் கண் முதலில் அவளிடம்தான் போனது.

ஜட்ஜ் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இது உங்க வாக்குமூலம்னு டாக்டர் குடுத்திருக்கார். கையெழுத்து இல்ல. சரிதானாம்மா?"

"மூணுல ரெண்டு சரி. கடைசி வாக்கியம் சரி, மாத்திர சாப்பிடுவேன். இப்ப நல்லாத் தூங்குதேன். ரெண்டாவதும் சரி."

டாக்டர் நம்பி நாற்காலியில் நிமிர்ந்தார். ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "குரல் இப்பக் கேக்கலையா?"

"பதினோரு நாளாச்சு."

இதை இந்த நோட்டிலும் எழுதவில்லை. பதினெட்டாம் தேதி காலையில் எழுந்தேன், காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கீரை ஆயும்போது இல்லை, துவைக்கும்போது இல்லை. எழுதினால் உறுதியாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன். ராபியாவிடமும் சொல்லவில்லை. சுடலைவடிவு போனது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது. டாக்டர்கள் சந்தோஷப்படுகிற விஷயம் என்று தெரிந்துதான் அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

"அப்ப மொத வாக்கியம்தான் தப்பா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"தப்பு. சுடலைவடிவு என்ன விரல வைக்கச் சொல்லல. நானாத்தான் வச்சேன். அவ வேண்டாம் வேண்டாம்னு கத்துனா. நான் கேக்கல."

சங்கரபாண்டி "அக்கா" என்றான். சுவரோரத்திலிருந்து அது எனக்கு நன்றாகவே கேட்டது.

வெளியூர் டாக்டர்களில் மூத்தவர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, அந்தக் குரல் வெளியிலேர்ந்து வர்றது இல்ல. உங்க மூளைதான் அதை உண்டாக்குது. அது சொல்லிச்சுன்னு வச்சாலும், நீங்க செஞ்சதுன்னு வச்சாலும் எங்களுக்கு ஒண்ணுதான்."

"ஒங்களுக்கு ஒண்ணா இருக்கலாம் சார். அவ பேருல எழுதுதீங்களே."

"அப்படி ஒருத்தர் உங்க தலைக்குள்ள இல்லம்மா."

"இல்லன்னு எனக்கும் தெரியும். இல்லாதவ சொன்னான்னு எழுதிக் கொண்டாந்தது நீங்கதான்."

ஓரத்து அம்மா சிரிப்பை அடக்க இருமினார். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கூண்டில் நிற்பவருக்கு உதவி செய்ய நினைக்கும்போது ஜட்ஜுகள் இப்படிச் செய்வார்கள். எனக்குப் பழகிய சைகை.

"நான் வெளிப்படையாச் சொல்றேன். இந்தத் தாள்படி நின்னீங்கன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். நீங்க சொல்றபடி எழுதுனா, தன்னைத் தானே சுட்டுக்கிட்ட ஒருத்தரை எங்களால அனுப்ப முடியாமப் போகலாம். இது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது."

"யாராவது உங்கள இப்படிச் சொல்லச் சொல்றாங்களா?"

"யாரும் இல்ல. இப்ப என் தலைக்குள்ள நான் மட்டும்தான் இருக்கேன். நான்தான் சொல்லுதேன்."

"எதுக்கு வச்சீங்க?"

சொன்னேன். எலுமிச்சம்பழச் சோறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்திருந்ததால் தடுமாறவில்லை. மடிக்கணினிப் பெண் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்தாதம்மா, அடி" என்றேன். கீபோர்டுக்குத் திரும்பினாள்.

"மறுபடி செய்வீங்களா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். நாலு பேருமே காத்திருந்தார்கள்.

"இன்னைக்கு மாட்டேன். நாளைக்கு நடக்காததுக்கு நான் எப்பிடி சார் சாட்சி சொல்லுவேன்?"

எங்களை வெளியே அனுப்பிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டு ஜட்ஜே சொன்னார். இன்னும் முப்பது நாள். அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். எனக்கு முடிவெடுக்கும் புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஒரு வரியும், விரலை நினைத்துத் தயங்குகிறோம் என்று ஒரு வரியும் உத்தரவில் இருந்தன. ஒரே தாளில் இரண்டையும் எழுதச் சங்கடப்பட்டார். நியாயமான மனிதர், அதனால்தான் சங்கடப்பட்டார்.

நான் சொன்னதை முழுக்க எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். மடிக்கணினிப் பெண் எழுந்து நின்று படித்தாள். இரண்டு இடத்தில் திருத்தினேன். சுடலைவடிவு வேண்டாம் என்று தடுத்தது விட்டுப்போயிருந்தது, சேர்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டேன். டாக்டர் நம்பி தன் பழைய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்ததும் அவரும் எழுந்து நின்றார்.

இருபத்தாறு நாளில் இன்றைக்குத்தான் எனக்கு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. கதவு பூட்டியிருக்கிறது. நான் பயப்படவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை, யார் தலையிலும் எதையும் கட்டிவிட்டுத் தப்பிக்கவில்லை. இதைச் செய்ய முடிகிற புத்திக்கு அவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது போதும்.

வராந்தா பெஞ்சில் சங்கரபாண்டி டீயோடு வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தக்கா. அவதான் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, இன்னைக்கு வீட்டுல இருந்திருப்ப."

"தெரியும்லே."

"அவதான் இப்ப இல்லியே. போயிட்டான்னு நீயே சொல்லுத. இல்லாதவளுக்காகவா இந்தப் பாடு?"

"இருந்தப்பச் செய்யலியே, தம்பி."

டீயைக் குடி, ஆறிவிடும் என்றான். குடித்தேன்.